மண்ணுக்கடியில் மாப்பிள்ளைமார்

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவளின் தலையெழுத்து வீட்டோடு கட்டப்பட்டது. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார், வீடு மகளுக்குப் போய்விடும். எங்கள் ஊர் ஆரையம்பதியிலும் அப்படித்தான், பக்கத்துக் காத்தான்குடி முஸ்லிம் ஆட்களிடமும் அப்படித்தான். என் அம்மா எனக்குக் கொடுத்தாள், நான் என் ஒரே மகள் பிரஷாந்திக்குக் கொடுக்க வேண்டும். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கொடுக்கப்போகிற வீட்டுக் கிணற்றில் பெற்றோல் ஊறினால் என்ன செய்வதென்று மட்டும் என் அம்மா சொல்லித் தரவில்லை.

அது தெரியவந்ததும் ஒரு கூத்து. எரிபொருள் தட்டுப்பாடு வந்த வருஷம், நாடே பெற்றோலுக்கு வரிசையில் கிடந்தது. என் வீட்டுக்காரர் நல்லரத்தினம் விடிய விடிய மோட்டார் சைக்கிளோடு வரிசையில் நின்று, வெறுங்கையோடு வந்து, முகம் கழுவக் கிணற்றில் ஒரு வாளி அள்ளினார். வாளியை முகர்ந்து பார்த்தார். திரும்பவும் முகர்ந்தார்.

"இஞ்ச சுலோ," என்றார். "நான் அங்க நிண்டது வீண்."

எங்கள் வீட்டுப் பின்வளவுக்கு அடுத்ததாக, வாகனங்களுக்குப் பெற்றோல் அடிக்கிற வல்லிபுரத்தாரின் செட். நிலத்துக்குள் புதைத்திருந்த அவருடைய பழைய தாங்கி துருப்பிடித்து ஓட்டையாகி, உள்ளே இருந்தது மணலுக்குள்ளால் மெல்ல மெல்ல எங்கள் பக்கம் வந்திருக்கிறது. வல்லிபுரத்தார் செட்டுக்கு முதலாளி மட்டுமில்லை, கோயில் காரியங்களைப் பொறுப்பாகப் பார்க்கும் வண்ணக்கரும் அவர்தான். செய்தி கேட்டதும் விழுந்தடித்து ஓடிவந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். "இது எங்க போகுதெண்டு நானும் கனநாளாத் தேடினன்" என்றார். அன்றைக்கே மிச்சத்தை இறைத்துவிட்டுத் தாங்கியை மூடினார்.

அன்று பின்னேரமே எங்கள் படலையில் போத்தலும் கானுமாக ஊர் வரிசை கட்டி நின்றது. நல்லரத்தினம் சும்மா இருக்காமல் அரசாங்கத்தின் பங்கீட்டுக் கியூ.ஆர். கோட் இருக்கிறவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டார். கிணற்றில் கிடைத்தது என்னவோ தண்ணீர் பாதி பெற்றோல் பாதி. அதை ஊற்றிய இரண்டு ஓட்டோக்கள் கல்லடிப் பாலத்தில் நின்றுபோயின, அதற்குப் பிறகு வரிசையைக் காணோம். தட்டுப்பாடும் ஒரு மாதிரி முடிந்தது. மணம் மட்டும் போகவில்லை. குடிக்கிறதுக்கும் சமைக்கிறதுக்கும் பவுசர் லொறியில் வரும் தண்ணீரைக் காத்திருந்து பிடித்தோம்.

இந்தக் கூத்துக்குச் சில மாதம் முன்னால்தான் பிரஷாந்தியின் கலியாணம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை தேற்றாத்தீவு உதயரூபன், பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் நல்ல வேலை. பிரஷாந்திக்கு அவனைப் பிடித்திருந்தது, போனில் அவன் பெயர் விழுந்தாலே இவள் குரல் மாறிவிடும். அவனுடைய தாய் புஸ்பம் வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது சுவரைத் தட்டினாள், கூரை ஓடுகளை எண்ணாத குறை. கடைசியாகக் கேட்டாள்: "கிணறு நல்ல தண்ணியா மச்சாள்?"

"இளநி மாதிரி" என்றேன்.

அன்றைக்கு அது கிட்டத்தட்ட உண்மை. பிறகு அது தானாகவே பொய்யாகிப்போனதற்கு நான் என்ன செய்ய? நாட்டு நிலைமையைப் பார்த்துக் கலியாணத்தைத் தள்ளி, அடுத்து வரும் தைக்கு அடுத்த தையில் வைப்பதாக முடிவு. அதற்குள் கிணறு தெளிய வேண்டும். தெளியாவிட்டால் என் மகளுக்கு வீடும் இல்லை, உதயரூபனும் இல்லை.

முதலில் வந்த அதிகாரி ஒருவர் வளவைச் சுற்றி நடந்துவிட்டு, மண்ணைப் பதினைந்தடி ஆழத்துக்கு அள்ளி எடுக்க வேண்டும் என்றார்.

"வீடு?" என்று கேட்டேன்.

"வீடு மண்ணுக்கு மேலதானே இருக்கு" என்றார், குழந்தைக்குச் சொல்வது போல. "அதை முதல்ல எடுத்தாத்தான் மண்ணை எடுக்கலாம்."

அவருக்குக் கொடுத்த தேத்தண்ணியில் நான் சீனி போடவில்லை.

மாசியில் இன்ஷிரா வந்தாள். காத்தான்குடிப் பிள்ளை, என்ஜினியருக்குப் படித்தவள், வல்லிபுரத்தாரின் காப்புறுதிக்காரர்கள் அமர்த்திய கம்பனியில் வேலை. இவள் மண்வெட்டியே கொண்டுவரவில்லை. வளவு முழுவதும் ஒல்லிக் குழாய்களை இறக்கினாள், கிணற்றடியில் காற்றடிக்கிற மோட்டர் ஒன்றைப் பூட்டினாள். காற்றடித்தால் வீடு சைக்கிள் டியூப் மாதிரி ஊதிவிடுமோ என்று நல்லரத்தினம் சுவரில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தோண்டத் தேவல்ல அக்கா," என்றாள் இன்ஷிரா. "மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமி இரிக்கி. அதுகளுக்குப் பெற்றோல்தான் சாப்பாடு. நாம காத்தும் கொஞ்சம் உரமும் கீழ அனுப்பினாப் போதும், இருந்த இடத்திலயே தின்டு முடிச்சிரும்."

"முடிச்சா?"

"தண்ணி தெளிஞ்சிரும்."

"வீடு?"

"வீட்டுல ஒரு ஓடும் அசையாது."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. அவள் ஒரு நீலக் கானைக் காட்டினாள். எங்கள் மண்ணில் உள்ள கிருமிகள் காணாதாம், அதனால் வெளியே வளர்த்ததையும் கொண்டுவந்திருக்கிறாளாம். அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது. குழாய்களுக்குள் அதை அளவாக ஊற்றினாள், மோட்டரைப் போடும் விதத்தைக் காட்டினாள், இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நல்லரத்தினம் குழாய்களைப் பார்த்தபடி கனநேரம் குந்தியிருந்தார். படுவான்கரையில் எங்களுக்கு ஒரு வயல் வட்டை இருக்கிறது. அங்கே பயிரைப் பார்த்துப் பார்த்து அவருக்கு யோசிக்கிற நோய் பிடித்துவிட்டது.

"வெளியால இருந்து வந்தவங்க," என்றார். "நம்மட வளவில தங்கப்போறாங்க. நம்மட வீட்ட நல்லாக்கித் தரப்போறாங்க. அப்ப இவங்க ஆரு?"

"ஆரு?"

"மாப்பிள்ளைமார்."

நான் சிரித்துவிட்டுக் குசினிக்குப் போனேன். ஆனால் அடுப்படியில் நின்றபோது அந்தச் சொல் என்னை விடவில்லை. புது மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் எங்கள் ஊரில் அவரை ஒரு துரும்பு எடுக்க விடமாட்டோம். காலையில் இடியப்பம், பத்து மணிக்குப் பலகாரம், மத்தியானம் வாவி நண்டு, பின்னேரம் எருமைத் தயிரும் இனிப்புப் பாணியும். அவர் எழும்பிக் கை கழுவப் போனாலும் மாமியார் செம்போடு பின்னால் போவாள். அப்படிப்பட்ட ஊருக்கு வந்தவர்களை, பெற்றோலைக் குடியுங்கள் என்று இருட்டுக்குள் தள்ளிவிட்டு நாங்கள் மட்டும் சோறு தின்பதா? எனக்கு அடுக்கவில்லை. அன்று சவ்வரிசிப் பாயசம் வைத்தேன். ஒரு கிளாஸ் எடுத்து ஆறவைத்து, குசினிக்குக் கிட்டவிருந்த குழாயின் மூடியைக் கழற்றி மெல்ல ஊற்றினேன். ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். எங்கள் ஒழுங்கைத் தெருவில் யார் கண்ணிலும் படாதது என்று ஒன்று கிடையாது.

மறுநாள் பக்கத்து வளவுக்காரி தயிர்ச் சட்டியோடு வந்தாள். அவளுடைய கிணறும் லேசாக மணக்கத் தொடங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் மூன்று பேர். நான்காம் நாள் யார் முதலில் ஊற்றுவது என்று குழாயடியில் தள்ளுமுள்ளு. சத்தம் கேட்டு வண்ணக்கர் வல்லிபுரத்தார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"பிழை என்ட தாங்கியில," என்றார். "ஆனபடியா ஒழுங்குமுறையாவது நான் பாக்கிறன். குடிமுறைப்படி நடக்கட்டும்."

எங்கள் கோயில் சடங்கில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடியின் பொறுப்பு. குடி என்பது தாய்வழி. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் செய்யமாட்டோம். வல்லிபுரத்தார் நாள் குறித்தார், முதல் நாள் வளவுக்காரியான என் குடிக்கு, கடைசி நாள் பெருந்தன்மையோடு தன் குடிக்கு. எல்லாம் சரியாகத்தான் போனது, யாரோ ஒருவர் எழும்பி அந்தக் கேள்வியைக் கேட்கும்வரை.

"மாப்பிள்ளைமார் எந்தக் குடி?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மண்ணில் ஏற்கெனவே இருந்தவர்கள் என் குடி, ஏனென்றால் மண் என் தாய்வழி. கானில் வந்தவர்கள் வேறு. அப்படியானால் இரண்டும் கலந்து பெருகினால் பிறப்பவர்கள் எந்தக் குடி? கானில் வந்ததும் எங்கள் குடியாகவே இருந்துவிட்டால்? ஒரு கிழவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் நான் இன்ஷிராவுக்குப் போன் எடுத்தேன்.

"மகள், கிருமியில ஆண் பெண் இரிக்கா?"

"இல்ல அக்கா. ஒண்டு வளர்ந்து ரெண்டாப் பிரியும், அவ்வளவுதான். ஏன் கேக்கிறீங்க?"

"சும்மாதான் மகள்."

கூட்டத்தில் அதைச் சொன்னேன். வல்லிபுரத்தார் கண்ணை மூடி யோசித்தார். தாயே இரண்டாகப் பிரிந்து பிள்ளையாவதால் குடி ஒருக்காலும் மாறாது, எங்களைவிடச் சுத்தமான தாய்வழி அது என்று தீர்ப்பு வழங்கினார். எல்லோருக்கும் நிம்மதி. கிழவர் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார்.

பங்குனி முழுவதும் சீராக நடந்தது. தயிர், பாணி, பொங்கல் புக்கை கரைத்த தண்ணீர், ஒருவர் வீட்டில் பிறந்தநாள் கேக்கைப் பாலில் கரைத்துக்கூட ஊற்றினார்கள். சித்திரை வருஷப் பிறப்புக்கு மாப்பிள்ளைமாருக்குப் புது உடுப்பு எடுக்க வேண்டுமா என்று நல்லரத்தினம் கேட்டார்.

வருஷப் பிறப்பு கழிந்து புஸ்பம் பலகாரப் பெட்டியோடு சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். வளவில் பெண்கள் சட்டியும் செம்புமாகக் குழாய்களின் முன்னால் வரிசையாக நிற்கிறார்கள்.

"இதென்ன மச்சாள்?"

"நிலத்துக்கு மடை வைக்கிறம்" என்றேன். மடை என்றால் கோயிலில் படைக்கிற படையல். வாயில் வந்தது அதுதான்.

புஸ்பம் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. செருப்பைக் கழற்றினாள், முந்தானையைச் செருகினாள், கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பைக் கையில் எடுத்தாள். பழம் குழாய்க்குள் போகாது என்று கண்டதும் சட்டி ஒன்றை வாங்கி, தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து கரைத்து, மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி ஊற்றினாள். "எங்கட பக்கத்தில இப்பிடியெல்லாம் செய்யிறதில்ல. நீங்க பக்தியான குடும்பம்" என்றாள். நான் அவளுக்குப் பவுசர் தண்ணீரைக் கொடுத்தேன். "இளநிதான்" என்று பாராட்டினாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இன்ஷிரா வந்து வந்து பார்த்தாள், வரும்போதெல்லாம் முகம் சுருங்கிக்கொண்டே போனது. "கிருமி எண்ணுக்கணக்கில்லாமப் பெருகியிரிக்கி அக்கா. நான் இப்பிடிப் பார்த்ததே இல்ல. ஆனா பெற்றோல் அப்பிடியே கிடக்கு. அனுப்புற காத்தெல்லாம் எங்க போகுதெண்டும் விளங்கல்ல." மோட்டரை மாற்றினாள், குழாயைக் கழுவினாள், புத்தகத்தைப் புரட்டினாள். நான் அவளுக்குப் பால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, நீ கவலைப்படாதே என்றேன்.

வைகாசியில் நிலம் பொருமத் தொடங்கியது. குழாய்களுக்குள் குபுகுபு என்று சத்தம், கிணற்றில் நுரை, வளவெல்லாம் புளித்த மணம். குசினியில் நின்றால் காலுக்குக் கீழே வயிறு இரைவது கேட்கும். நல்லரத்தினம் நிலத்தில் காது வைத்துக் கேட்டுவிட்டு எழும்பினார்.

"அளவுக்கு மிஞ்சித் தின்டுட்டாங்க. செமியாமக் கிடக்கு."

செமிக்காதவர்களுக்கு என்ன கொடுப்போம்? ஓமத்தண்ணி. குழாய்க்கு ஒரு போத்தல். பொருமல் நிற்கவில்லை, வளவு முழுக்க இப்போது பிள்ளை பெற்ற வீட்டு மணமும் சேர்ந்துகொண்டது.

இந்த நிலையில்தான் இன்ஷிராவும் புஸ்பமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். புஸ்பத்தின் கையில் எருமைத் தயிர் முட்டி இரண்டு. முதல் மடை வைத்ததும் மகனுக்குச் சம்பளம் கூடிவிட்டதாம். இன்ஷிரா கயிற்றில் கட்டிய கண்ணாடிக் குழாயைக் கீழே இறக்கித் தண்ணீர் எடுத்தாள். வெளிச்சத்துக்குப் பிடித்தாள். சுழற்றினாள். கண்ணைச் சுருக்கினாள்.

"அக்கா, இது என்ன?"

நான் எட்டிப் பார்த்தேன். "சவ்வரிசி" என்றேன்.

"சவ்வரிசி நிலத்துக்குள்ள எப்பிடி வந்த?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளைமார், பாயசம், குடிமுறை, கேக், ஓமத்தண்ணி. அவள் மோட்டர்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், பிறகு பொத்தவும் முடியாமல் சிரித்தாள்.

"யா அல்லாஹ்! எங்கட உம்மா என்ட மாப்பிள்ளை அஸாமுக்குச் செஞ்சதும் இதுதான் அக்கா. கலியாணம் முடிஞ்சு மூணு மாசம் வட்டிலப்பமும் இறைச்சியுமா ஊட்டினா. அஸாம் கடைப் பக்கமே போகல்ல. உம்மா மக்காவுக்கு உம்றா போன பிறகுதான் மனிசன் எழும்பி வேலைக்குப் போன. பாயசம் கிடைக்கக்குள்ள எவன் அக்கா பெற்றோலத் தின்னுவான்? நாம அனுப்பின காத்தையெல்லாம் இழுத்துக்கிட்டு உங்கட தயிரத்தான் தின்டிரிக்காங்க."

"பெற்றோலா?" என்றாள் புஸ்பம்.

தயிர் முட்டிகளை அவள் இன்னும் இடுப்பில் அணைத்தபடிதான் நின்றாள். இனி மறைத்து ஆவதொன்றும் இல்லை. கிணற்றடிக்குக் கூட்டிப்போய் ஒரு வாளி அள்ளிக் காட்டினேன். அவள் குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் என் மகளின் கலியாணம் கிழிந்து தொங்கியது.

"என்ட மகன் இதையா குடிக்கிற? இதுக்கா நான் நேர்ந்து பழம் கரைச்சுவிட்ட?"

"மச்சாள், தெளிஞ்சிரும். இந்தப் பிள்ளை சொல்லுது."

"கிருமிக்குச் சோறு போட்டுக் கெடுத்த நீங்க, என்ட மகனை என்ன செய்வீங்களோ தெரியா."

வீட்டுக்குள்ளிருந்து பிரஷாந்தி வந்தாள். அவள் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பெற்ற மகள் அப்படிப் பார்க்கக்கூடாது. அதைப் பார்த்துப் புஸ்பத்துக்கும் ஏதோ இளகியிருக்க வேண்டும். வாளியைக் காலால் தள்ளி ஊற்றிவிட்டுச் சொன்னாள்: "மார்கழிக் கடைசியில வருவன். இந்தக் கிணத்துத் தண்ணிய என்ட கையால அள்ளிக் குடிப்பன். நல்லாயிருந்தா தையில தாலி. இல்லாட்டி நீங்க உங்கட மாப்பிள்ளைமாரோடயே இருங்க." தயிர் முட்டிகளைத் திரும்பக் கொண்டுபோய்விட்டாள்.

அன்றிலிருந்து பட்டினி. காற்று மட்டும்தான், கூடவே அளவாக யூரியா. முந்தின வருஷம் எங்கள் வட்டைக்கு ஒரு பிடி யூரியா கிடைக்காமல் நெல் மஞ்சளாய்ப் போனது. இப்போது கிருமிக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. நல்லரத்தினம் அதைப் பார்த்துவிட்டு வட்டைக்குப் போய்விட்டார். நான் குழாய் மூடிகளுக்கெல்லாம் பூட்டுப் போட்டு, சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கிருமிகளைவிட ஊர்தான் தாங்கவில்லை. வல்லிபுரத்தார் தன் குடி ஆட்களோடு வந்து படலையில் குந்தினார். "இந்தச் சுத்தில எல்லாக் குடியும் குடுத்தாச்சு, எங்கட முறை வரக்குள்ள பூட்டுறதா? இது குடிக்கு அவமானம்" என்றார். பெற்றோலை நிலத்துக்குள் விட்ட மனிதன் பாயசம் விட உரிமை கேட்கிறான்! எனக்கு வந்த ஆத்திரத்தில் விளக்குமாறைத் தேடினேன். இன்ஷிராதான் என்னைப் பிடித்து நிறுத்தி, மோட்டருக்குச் சுவிட்ச் போடும் முறையைக் குடிகளுக்குப் பிரித்துக் கொடுத்தாள். முதல் முறை வல்லிபுரத்தார் குடிக்கு. அவர் குளித்து, திருநீறு பூசி, மேளகாரனையும் கூட்டிவந்து சுவிட்சைப் போட்டார். அதற்குப் பிறகு மோட்டர் ஒரு நாளும் நிற்கவில்லை. கரண்ட் போனால் எந்தக் குடியின் நாளோ அந்தக் குடி ஜெனரேட்டரோடு ஓடிவந்தது.

எனக்குத்தான் கஷ்டம். நண்டு சமைத்தால் குழாயடியைக் கடக்க முடியாது. கீழே அத்தனை பேர் பசியோடு, பெற்றோலைத் தவிர வேறு கதியில்லாமல் கிடக்கிறார்கள் என்று தோன்றும். என் மகளுக்காகத்தான் அவர்களைக் காயப்போடுகிறேன். ஆடியில் ஒரு நாள் சாவியைப் பூட்டுக்குள் விட்டுவிட்டேன், கையில் வெறும் சோற்றுத் தண்ணிதான். பிரஷாந்தி பின்னால் வந்து நின்றாள். சாவிக் கொத்தை என் கையிலிருந்து கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றுதான் முதன்முதலாக அவள் இந்த வீட்டுக்காரி மாதிரி எனக்குத் தெரிந்தாள்.

பசி வேலை செய்தது. ஆவணியில் பொருமல் நின்றது. ஐப்பசியில் கிணற்றுத் தண்ணீரின் மேல் படர்ந்திருந்த பெற்றோல் வானவில் போய்விட்டது. மார்கழி மழையில் கிணறு வாய்வரை நிரம்பியபோது எல்லாம் திரும்பக் கலந்துவிடுமோ என்று நான் குடையோடு கிணற்றடியிலேயே நின்றேன். நிரம்பிய தண்ணீரில் மழையின் மணம்தான் இருந்தது. இன்ஷிரா போத்தல் போத்தலாக எடுத்துப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினாள்.

சொன்னபடி புஸ்பம் வந்தாள், உதயரூபனும் கூட வந்தான். இன்ஷிரா போனில் வந்த கொழும்பு முடிவைப் பார்த்துவிட்டு என்னிடம் தலையாட்டினாள். புஸ்பம் யாரையும் பார்க்கவில்லை. வாளியை விட்டாள், அள்ளினாள், ஒரு கை ஏந்தி முகர்ந்தாள், வாயில் வைத்தாள். விழுங்காமல் கன்னத்தில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். பிரஷாந்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பேர் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன்.

புஸ்பம் விழுங்கினாள்.

"உப்பு" என்றாள்.

"அது வாவி மச்சாள்," என்றேன். "வாவிக்குக் கிட்ட எல்லாக் கிணறும் அப்பிடித்தான்."

"எங்கட கிணறும் உப்புத்தான்" என்றாள் அவள். இன்னொரு கை அள்ளிக் குடித்தாள். "இளநி எண்டு சொன்னது பொய். மற்றது சரி. தையில வைப்பம்."

பிரஷாந்தி உள்ளே ஓடிவிட்டாள். உதயரூபன் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் குழாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். இன்ஷிரா மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"மகள், இனி அதுகள் என்ன செய்யும்?"

"பெற்றோல் முடிஞ்சுதானே அக்கா. இனிச் சாப்பாடு இல்ல. மெல்ல மெல்லச் செத்துப்போகும். கொஞ்சம் மட்டும் மண்ணில மிஞ்சும்."

"வேலை முடிஞ்சதுக்குத்தான் சாகுதா?"

"ஓம்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே, "ஒண்டும் ஊத்திராதீங்க அக்கா, கிணறு பழுதாகிரும்" என்றாள்.

நான் அழுதேன். மகளின் கலியாணத்தை நினைத்து அழுகிறாள் என்று நல்லரத்தினம் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். நான் திருத்தவில்லை.

தையில் கலியாணம் சிறப்பாக நடந்தது. வல்லிபுரத்தார் முன்வரிசையில் இருந்தார். அஸாமும் இன்ஷிராவும் வந்தார்கள், அஸாம் மூன்றுமுறை போட்டுச் சாப்பிட்டார். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, வீடு இனி மகளுடையது என்பதால், நானும் நல்லரத்தினமும் எங்கள் பெட்டி, பாய், ஒரு அடுப்பு, இவ்வளவையும் எடுத்துக்கொண்டு வளவின் மூலையில் தகரம் போட்ட அறைக்குப் போனோம். முப்பதடி இருக்கும். தூரமென்று சொல்ல முடியாது. ஆனாலும் படுத்தால் எனக்கு வீட்டின் முதுகுதான் தெரிந்தது.

அடுத்த நாள் மத்தியானம் பிரஷாந்தி வந்து கூப்பிட்டாள். "அம்மா, அப்பா, சாப்பிட வாங்க."

"எங்களுக்கு இஞ்ச அடுப்பு இரிக்கு" என்றேன்.

"இண்டைக்கு எங்கட வீட்டில சாப்பிடுங்க" என்றாள்.

எங்கட வீடு. சரியாகத்தான் சொன்னாள், நான்தான் ஒரு கணம் நின்றுவிட்டேன். போனோம். படியில் கால் கழுவச் செம்பில் தண்ணீர் வைத்திருந்தாள். நான் இருபத்தாறு வருஷம் சமைத்த குசினிக்குள் போகத் திரும்பியபோது, "நீங்க இருங்க, நான் கொண்டு வாறன்" என்று என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள். உதயரூபன் எழும்பி நின்று மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டான். நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

மீன் குழம்பில் புளி கூடிவிட்டது. உப்பும் காணாது. வாய்வரை வந்ததைச் சொல்லாமல் விழுங்கிவிட்டு, நல்லாயிருக்கு மகள் என்று இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.